தானே குடிக்கும் வாளி

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

உன் ரொட்டி அண்ணன் எழுதுவது. இங்கே அடுப்பும் நானும் சூடு குறையாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே எப்படி? மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு லாரி சீட்டில் தலையணை வைக்கச் சொன்னேனே, வைத்தாரா? இல்லை, அதைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாரா?

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். போன் கொஞ்சம் தகராறு. பேசினால் கரகரவென்று கேட்கிறது. அதனால் எனக்கு நீயும் எழுது. போன் பண்ணாதே.

விஷயம் இதுதான். உன் அண்ணி ஓய்வில் படுத்திருந்த மாதம் முழுக்க, முட்டை அட்டையில் மிளகாய் விதையும் தக்காளி விதையும் போட்டுச் கட்டிலருகே ஜன்னலில் வைத்து வளர்த்தாள். இப்போது எல்லாம் நாலு இலை விட்டு நிற்கின்றன. பால்கனிக்கு மாற்றினேன். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை அங்கே வெயில் கொளுத்துகிறது. காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனால், நான் திரும்பி வரும்போது எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை.

நீ வேலை செய்யும் நாற்றுப் பண்ணையில் தானே தண்ணீர் குடிக்கும் தொட்டிகள் இருப்பதாக ஒருமுறை சொன்னாய். எங்கள் பேக்கரியில் கிரீம் வரும் வெள்ளை வாளிகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அதில் செய்யலாமா? மண் எப்படிக் கலப்பது? விவரமாக எழுது, சீக்கிரம் எழுது. இதில் ஒரு செடிகூடச் சாகக் கூடாது. ஏன் என்று இப்போது கேட்காதே.

உன் அண்ணன்.

பிப்ரவரி 17

ரொட்டி அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். தலையணை லாரியில்தான் இருக்கிறது, நீ சொன்ன இடத்தில் இல்லை. அண்ணி எப்படி இருக்கிறார்? கால் வீக்கம் வடிந்ததா?

வாளி அருமையான யோசனை. உனக்குக்கூட மூளை வேலை செய்கிறதே என்று, நாங்கள் மண் கலக்கும் கொட்டகையில் எல்லாரிடமும் சொன்னேன். கவனமாகக் கேள். இரண்டு வாளி எடு. ஒன்றை இன்னொன்றுக்குள் இறக்கினால் அடியில் நாலு விரல் அளவுக்கு இடைவெளி நிற்கும், இல்லையா? அதுதான் தண்ணீர் அறை. மேல் வாளியின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் போடு. நடுவில் மட்டும் பெரிதாக ஒன்று வெட்டி, அதில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தொங்கவிடு. நாங்கள் அதைக் 'கால்' என்போம். கால் தண்ணீரில் நனைந்துகொண்டே நிற்கும். கால் வழியாகத்தான் செடி குடிக்கும். ஓரமாக ஒரு குழாயைச் செருகி, அதன் வழியே தண்ணீர் ஊற்று. தண்ணீர் அறைக்கு மேல்மட்டத்தில் வெளிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டுவிட்டால், அதிகமாக ஊற்றினாலும் வழிந்துவிடும்.

தோட்டத்து மண் மட்டும் வேண்டாம். அது சேறாகிக் காலை அடைத்துவிடும். தேங்காய் நார்த்தூள், நன்றாக மட்கிய உரம், பெர்லைட் வாங்கு. பெர்லைட் என்றால் பொரி மாதிரி இலேசான வெள்ளைக் கல், கடையில் கேட்டால் தருவார்கள். மூன்றையும் கலந்து, ஈரமாக்கி நிரப்பு.

அது சரி, அண்ணி எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகப் போன மாதம்தான் போனில் சொன்னாய். படுத்திருப்பவர் வீட்டில்தானே இருக்க வேண்டும்? பகலில் வீட்டில் யாரும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஏன் என்று கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருந்துவிடுவேனா? எனக்கு வாலு என்று பேர் வைத்ததே நீதானே.

உன் வாலு.

பிப்ரவரி 25

அன்புள்ள வாலு,

நலமா என்று கேட்டு நீட்டி முழக்க இன்று மனம் இல்லை. போன் நன்றாகத்தான் இருக்கிறது. என் குரல்தான் தகராறு. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

குழந்தை பிறந்துவிட்டது, உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே. ஏழாம் மாதம் தொடங்கிய கையோடு. பெண். அன்று காலை பேக்கரியில் மாவைப் போட்டுவிட்டு நின்றேன், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. ஓடினேன். கையில் மாவோடு போனதால் முதலில் என்னைக் கை கழுவத்தான் அனுப்பினார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வாலு, நான் தினமும் தராசில் எடுத்து வைக்கிறேனே ரொட்டி மாவு உருண்டை, அதைவிட இலேசு. என் மோதிரத்தை அவள் மணிக்கட்டில் வளையலாகப் போடலாம். மூக்கில் குழாய், காலில் குழாய். தோல் வழியாக உள்ளே நரம்பு ஓடுவது தெரிகிறது. இத்தனையும் சரி, ஆனால் விரலில் நகம் இருக்கிறது! யார் போய் இத்தனை சின்ன இடத்தில் நகம் வைத்தது? நான் பெட்டிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிழைப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இன்னிக்கு நல்லா இருக்கா. நாளையைப் பத்தி நாளைக்குக் கேளுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

உன் அண்ணி காலையிலிருந்து பொழுது சாயும்வரை பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் நான் போனதும் ஒரே ஒரு கேள்வி: "செடியெல்லாம் எப்படி இருக்கு?" குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "நல்லா இருக்கு" என்கிறேன். அவள் தலையாட்டிவிட்டுப் பெட்டி பக்கம் திரும்பிக்கொள்கிறாள். செடியைப் பற்றிக் கேட்பது போல் அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

அதனால்தான் ஒன்றுகூடச் சாகக் கூடாது என்றேன். ஆனால் செத்துக்கொண்டிருக்கின்றன. நீ சொன்ன மாதிரிதான் வாளி செய்தேன். கலவையைக் கொட்டினேன், நாற்றை நட்டேன், குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்றினேன். தானே குடிக்கும் என்றாயே, எங்கே குடிக்கிறது? அடியில் தண்ணீர் ததும்புகிறது. மேலே கலவை மாவு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. பாதி நாற்று போய்விட்டது. காலடியில் குளம், செடிக்குத் தாகம். இது என்ன அநியாயம்?

அண்ணன்.

மார்ச் 6

அண்ணா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவரும் படித்துவிட்டு, லாரியை எடுக்காமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

அண்ணி எப்படி இருக்கிறார்? சாப்பிடுகிறாரா? அந்த நாற்காலி முதுகைக் கொல்லும், ஒரு தலையணை கொண்டுபோய்க் கொடு. நீயும் போன் பண்ணாதே அண்ணா. நானும் பேச மாட்டேன். எழுதுவோம்.

செடியைச் சொல்கிறேன். தப்பு உன்னுடையது அல்ல. 'ஈரமாக்கி நிரப்பு' என்று நான் போகிற போக்கில் எழுதிவிட்டேன். கொட்டகையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. எலும்பாகக் காய்ந்த கலவைக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. மேலே ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். கீழே நிறுத்தினால் தொட்டுக்கூடப் பார்க்காது. முன்னமே கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் மற்ற ஈரத்தை அது மேலே இழுக்கும். அந்த முதல் ஈரத்தைக் கையால்தான் கொடுக்க வேண்டும். வேறு வழியில்லை. இத்தனை வருஷமாக அதைத்தான் செய்கிறேன், இன்னும் எனக்கு அது ஆச்சரியமாகவே இருக்கிறது.

வாளிகளைக் காலி செய். கலவையை அகலமான பாத்திரத்தில் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, எல்லா இடத்திலும் ஈரம் படும்படி செய். அப்புறம் நிரப்பு.

இன்னொன்று. பெட்டிக்குள் கை விட உங்களை அனுமதித்தால், முதலில் கையை வெந்நீரில் காட்டித் துடைத்துக்கொள். உள்ளே விட்டதும் வருடாதே. தடவிக் கொடுக்கத் தோன்றும், தோன்றினாலும் செய்யாதே. அந்தத் தோலுக்கு வருடுவது வலிக்கும். ஒரு கையைத் தலை மேல் குல்லாய் மாதிரி வை. இன்னொரு கையால் பாதத்தை அணைத்துப் பிடி. அப்படியே அசையாமல் வைத்திரு. எடுக்கும்போதும் ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக எடு.

வாலு.

மார்ச் 14

அன்புள்ள வாலு,

முதலில் நல்ல செய்தி. நாங்கள் இன்னும் இருக்கிறோம், மூன்று பேரும். உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி?

நீ சொன்னதைச் சொன்னபடியே செய்தேன். கையைச் சூடாக்கினேன். தலையில் ஒன்று, பாதத்தில் ஒன்று. அசையவில்லை. அதுவரை பக்கத்து மெஷின் எந்நேரமும் கீ கீ என்று கத்திக்கொண்டே இருந்தது. அதில் எண்கள் ஏறும், இறங்கும், என் உயிரும் கூடவே ஏறி இறங்கும். வாலு, கை வைத்த கொஞ்ச நேரத்தில் எண்கள் அடங்கி நின்றன. மெஷின் வாயை மூடியது. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அத்தனை சின்ன மார்புக்குள் ஒரு பெருமூச்சு! மாவு உப்புவதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், ஒருநாளும் மெய்சிலிர்த்ததில்லை. இப்போது பேக்கரியில் ஈரத்துணிக்கு அடியில் மாவு எழும்புவதைப் பார்த்தாலும் கண் கலங்குகிறது. உடன் வேலை பார்ப்பவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

பெரிய நர்சம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். "என் தங்கச்சி. அவ மண்ணு கலக்குறவ"ன்னேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். உண்மையிலேயே கேட்கிறேன், உனக்கு இது எப்படித் தெரியும்?

அவளுக்குப் பன்னு என்று பேர் வைத்திருக்கிறேன். வெளியே எடுத்தபின் நல்ல பேராக வைத்துக்கொள்ளலாம்.

இனி கெட்ட செய்தி. கலவை. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டேன். ஈரம் எல்லா இடத்திலும் படவேண்டும் என்றாய். எல்லா இடத்திலும் படவைக்கத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தானே? சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பிசைந்தேன். மடக்கினேன், அழுத்தினேன், திருப்பிப் போட்டுக் குத்தினேன். பளபளவென்று அருமையாக வந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. வாளியில் வைத்து அழுத்தி, மேலே வழித்துவிட்டேன். நாலு நாளில் புளித்த வாடை. வேரெல்லாம் பழுப்பாக வெந்துபோய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டு மிளகாய் நாற்றுதான். தக்காளி முழுக்கப் போய்விட்டது.

நேற்று உன் அண்ணி வழக்கம்போல் கேட்டாள். போகிற வழியில் நாற்றுக் கடையில் எடுத்த ஒரு படத்தைப் போனில் காட்டி, "பாரு, எப்படி நிக்குது"ன்னேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.

என்ன செய்வது, சொல்.

அண்ணன்.

மார்ச் 24

ரொட்டி அண்ணா,

பன்னுவின் அத்தை எழுதுகிறேன். அவளுக்கு என் விசாரிப்பைச் சொல். அண்ணிக்கும் சொல்.

பிசைந்தாயா! கொட்டகையில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். என் எதிரே நின்று கலக்கும் அம்மா, சிரித்துச் சிரித்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அண்ணா, கலவைக்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். பிசைந்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். வேர் தண்ணீரில் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தது. இனி உன் பேக்கரிக் கையைப் பேக்கரியிலேயே வைத்துவிட்டு வா.

இப்படிச் செய். புதுக் கலவையைத் தார்ப்பாயில் பரப்பு. வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் தெளி. ஊற்றாதே, தெளி. இரண்டு கையாலும் அடியிலிருந்து அள்ளி, மேலே தூக்கி, உதிர விடு. மறுபடி தெளி, மறுபடி புரட்டு. அவசரப்பட்டால் வெளியே நனைந்து உள்ளே காய்ந்திருக்கும். பாதியில் நிறுத்தி ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வா. நீ இல்லாத நேரத்தில்தான் ஈரம் உள்ளே இறங்கும். மாவை மூடி வைப்பது மாதிரிதான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் தொழில் உனக்கு உதவும்.

திரும்பி வந்து ஒரு பிடி எடுத்து இறுக்கு. விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் அதிகம். ஒன்றுமே வராவிட்டால் போதாது. கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். காலுக்குள் மட்டும் கொஞ்சம் அழுத்தி நிரப்பு, அது தண்ணீரைத் தொட வேண்டுமே. மற்ற இடத்தில் சும்மா போட்டு வாளியை ஒருமுறை தட்டு, போதும். முதல் தடவை மேலேயும் கொஞ்சம் தெளித்துவிடு.

எங்கள் கொட்டகையில் இப்போது வேலை அதிகம். தகரக் கூரை, ஒரு ஜன்னல், முழங்கை வரை ஈரம். பழகிப்போன வேலை. கையைக் கலவைக்குள் விட்டால் எனக்கு மனம் நின்றுவிடும்.

மிச்சம் இருக்கும் இரண்டையும் பார்த்துக்கொள்.

வாலு.

ஏப்ரல் 2

அன்புள்ள வாலு,

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னுவுக்குக் காய்ச்சல். ரத்தத்தில் ஏதோ கிருமி என்கிறார்கள். உள்ளே யாரையும் விடவில்லை, உன் அண்ணியைக்கூட. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் கொஞ்சம் குறைகிறது. அதனால் வாளியைப் பற்றி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி தெளித்தேன், புரட்டினேன், மூடி வைத்தேன். திரும்பி வந்து ஒரு பிடி இறுக்கினேன். ஒரு சொட்டு வந்து, விரல் நுனியில் விழலாமா வேண்டாமா என்று நின்றது. தட்டினேன், பொலபொலவென்று உதிர்ந்தது. நிரப்பி, அந்த இரண்டில் தெம்பாக இருந்த ஒன்றை நட்டேன். மற்றது நடும்போதே போய்விட்டது. ஆக, இருப்பது ஒன்று.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பி வந்தபோது வெயிலில் மேல்கலவை வெளுத்துக் கிடந்தது. போச்சு, இதுவும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். மேலே ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். வாலு, மேல்கலவை கறுப்பாக, ஈரமாக இருந்தது! நான் ஊற்றவில்லை. மழை இல்லை. அடியிலிருந்து, ஒரு முழம் உயரம், யாரும் தூக்காமல், சத்தமே இல்லாமல், தண்ணீர் ஏறி வந்திருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் மேலிருந்து கீழேதானே போகும்? எனக்குத் தெரிந்த உலகத்தில் அப்படித்தான். வேலைக்குப் போவதையே மறந்து பால்கனியில் நின்றேன். அன்று ரொட்டி தாமதம்.

குழந்தை மேல் கை வைக்கும் விதம் உனக்கு எப்படித் தெரியும் என்று மார்ச் மாதம் நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. இந்த நடையில் உட்கார்ந்து அதை யோசித்தேன். நீ அந்த ஊருக்குப் போன புதிதில் ஒரு வருஷம் எங்களுக்குக் கடிதமே போடவில்லை. மஞ்சள் காமாலை என்றாய். அப்புறம் ஒருநாள், கலவைக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு நம் குடும்பத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் பரிசு வரும், நீ வரமாட்டாய்.

கதவு திறக்கிறது. கூப்பிடுகிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 20

அன்புள்ள வாலு,

நலம்தானா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன கடிதத்தை முடிக்காமலேயே தபாலில் போட்டுவிட்டேன். அதில் கடைசியாக எழுதியதற்காக உனக்கு என் மேல் கோபமா?

பன்னு தப்பித்துவிட்டாள். காய்ச்சல் விட்டது. பின்னாடியே மூக்குக் குழாயும் போனது. தானே மூச்சு விடுகிறாள். உன் அண்ணியின் மார்பில், தோலோடு தோலாக, சட்டைக்குள் போட்டு வைக்கிறார்கள். நான் எட்டிப் பார்த்தால் ஒரு காது மட்டும் தெரியும். அந்தக் காதைப் பார்ப்பதற்காகவே பேருந்து மாறி மாறிப் போகிறேன்.

பதில் எழுத வேண்டும் என்றில்லை. எதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. சௌக்கியம் என்று ஒரு வார்த்தை மட்டும் போடு.

அண்ணன்.

மே 4

அண்ணா,

சௌக்கியம். கோபம் எதுவும் இல்லை. வேலை அதிகமாக இருந்தது.

பன்னு பற்றிய வரிகளைத் தினமும் கொட்டகைக்கு எடுத்துப் போகிறேன். எதிரே கலக்கும் அம்மா, "அந்தக் காது எப்படி இருக்காம்?" என்று கேட்கிறார்.

வெயில் ஏறிவிட்டது, வாளியில் தண்ணீர் சீக்கிரம் தீரும். முழுக்கக் காலியாக விடாதே. ஒருமுறை அடியோடு காய்ந்துவிட்டால், கலவை மறுபடி தண்ணீரை மறந்துவிடும். அப்படிக் காய்ந்துபோனால் மேலிருந்து கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துத்தான் திரும்ப வரவழைக்க வேண்டும். வரும். நாளாகும், ஆனால் வரும்.

அங்கே வந்து பார்க்கச் சொல்வாய் என்று தெரியும். லீவு கிடைக்காது.

வாலு.

மே 18

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளைத் தம்பியும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு தேறிவிட்டது. முதுகுக்குத் தலையணை கொடுக்கச் சொன்னது நீதானாமே.

முந்தாநாள் பன்னுவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். உன் அண்ணன் வாசலில் இருந்து படுக்கையறை வரை அவளை அடுப்பிலிருந்து எடுத்த தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "வழி விடு, வழி விடு" என்று கத்திக்கொண்டே நடந்தார். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

பால்கனிக் கதவைத் திறக்கப் போனேன். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. வரிசையாக வெள்ளை வாளி, எல்லாவற்றிலும் செடி. "எல்லாம் உன்னோடதுதான்" என்றார். நான் சொன்னேன், "இந்த ஒண்ணு மட்டும்தான் என்னோடது. மிச்சமெல்லாம் கடையில வாங்கினது." என் மிளகாய்க்குக் கணுவில் கருநீலக் கோடு இருக்கும். அவர் மார்ச் மாதம் போனில் காட்டிய படத்தில் அது இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

"அப்புறம் ஏன் தினமும் கேட்டே?" என்று அழுதுவிட்டார். அதை உனக்கும் சொல்ல வேண்டும். குழந்தையைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. பெட்டி முன்னால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். செடியைக் கேட்டால், வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு வேலை இருந்தது. அவர் கைக்கு வேலை இல்லாவிட்டால் அவர் தாங்க மாட்டார். அதற்காகத்தான் கேட்டேன். செத்தாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்று பிழைத்துவிட்டது. இப்போது பூ விட்டிருக்கிறது. நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத செடி, வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்துவர மனம் இல்லை.

உன் கடிதங்களை எல்லாம் நேற்றுதான் எனக்குக் காட்டினார். வாலு, வருடாதே, கையை அப்படியே வை என்று எழுதியிருந்தாய். எடுக்கும்போதும் ஒரு கைக்குப் பிறகு இன்னொரு கை என்று எழுதியிருந்தாய். அது கேட்டுத் தெரிந்து எழுதிய வரி இல்லை. நானும் அந்தப் பெட்டிக்குள் இருந்து கையை எடுத்திருக்கிறேன், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கப் போவதில்லை. உன் அண்ணனும் கேட்க மாட்டார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் கை அவள் மேல் படுவதற்கு முன்னால், உன் கை பட்டுவிட்டது. அவர் வைத்தது உன் கையைத்தான். அந்தக் கை எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். லீவு கிடைக்கும்போது வா. கிடைக்காவிட்டாலும் வா.

உன் அண்ணி.

மே 29

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

உங்கள் இருவரின் நலமும், பன்னுவின் நலமும் கேட்டு எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம்.

அண்ணி, உங்கள் கடிதத்தைக் கொட்டகையில் நின்று படித்தேன். படித்துவிட்டு மறுபடி கலவையில் கையை விட்டேன். வேலை ஓடவில்லை.

எனக்கு மஞ்சள் காமாலை வரவில்லை. எனக்கும் ஒரு பெண் பிறந்தாள், பன்னு மாதிரியே அவசரக்காரி. அவளுக்கும் நகம் இருந்தது, அண்ணா. அவள் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில், ஒரு கை தலையில், ஒரு கை பாதத்தில் என்று நான் வைத்திருந்தேன். மெஷினை நிறுத்திய பிறகும் வைத்திருந்தேன். எடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்தேன். முதலில் பாதத்திலிருந்து எடுத்தேன். அதன் பிறகு என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைதான் இந்தக் கொட்டகையைக் காட்டினார். உங்களுக்கு எழுத முடியவில்லை. எழுதினால் அது நடந்ததாகிவிடும் என்று நினைத்தேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, அந்தக் கையால் ஒரு குழந்தை பெருமூச்சு விட்டதாக அண்ணா எழுதினான். அந்த வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் பெண் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். அது உங்கள் வீடு வரை ஏறி வந்திருக்கிறது.

லீவு கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை லாரியிலேயே கொண்டுவந்து விடுகிறாராம், தலையணையோடு. அடுத்த வாரம் புறப்படுகிறோம்.

அந்த மிளகாய்ச் செடி பூ விட்டிருக்கிற நேரம், தண்ணீர் அறையைக் காலியாக விட்டுவிடாதீர்கள். நாங்கள் வரும்போது வாசல் பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீரும் ஒரு துண்டும் வையுங்கள். கையைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே வருகிறேன்.

உங்கள்
வாலு.